பாட்டு பீரியடும் பாத்திரப் பட்டறையும்

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பள்ளிப் படிப்பும் அதன்பின் ஆசிரியப் பயிற்சியும் தவிர நான் வேறொன்றும் படித்ததில்லை. கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், பிள்ளைகளின் நோட்டில் திருத்தி எழுதியிருக்கிறேன், ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவ்வளவுதான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிற ஒருத்தி, நாலு பேர் படிக்கட்டும் என்று எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம். பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கீதத்தைப் பற்றி ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் அதையும் சேர்த்துப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சங்கீதம் தெரியாது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் பாடுபட்ட இரண்டு பேரைத் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே, கடைத்தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பெண் குழந்தைகளுக்கான ஆரம்பப் பள்ளி இருந்தது. நான் அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். சொந்த ஊர் வையம்பட்டிப் பக்கம். ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் தங்கி, தினமும் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வந்து போய்க்கொண்டிருந்தேன்.

சந்தின் ஒரு பக்கம் பள்ளி. எதிர்ப்பக்கம் பித்தளைப் பாத்திரம் அடிக்கிற பட்டறை. பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே அங்கே சுத்தியல் விழத் தொடங்கிவிடும். மூன்று நான்கு பேர் உட்கார்ந்து முறை வைத்து அடிப்பார்கள். கொஞ்ச நேரம் அடித்ததும், பாத்திரத்தைத் திருப்பிப் பிடிப்பதற்காக நிறுத்துவார்கள். மறுபடி தொடங்குவார்கள். புதிதாகப் பள்ளிக்கு வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது மின்விசிறிச் சத்தம் மாதிரி. அது ஓடுவதே தெரியாது, நின்றால்தான் தெரியும்.

பள்ளியில் வெகுகாலம் பாட்டு டீச்சராக இருந்தவர் ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. சில மாதங்கள் பாட்டு பீரியடில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, அந்த நேரத்தில் தக்ளி சுற்ற வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். தக்ளி என்பது பஞ்சை நூலாகத் திரிக்கிற சின்னக் கருவி. ஒரு கம்பி, அடியில் ஒரு வட்டத் தகடு. சுற்றிவிட்டால் பிள்ளைகள் பேசாமல் நூற்றுக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்த முடிவு மிகவும் பிடித்திருந்தது. நூல் நூற்க வாய் வேண்டாம்.

எப்படியோ இது மாமி காதுக்குப் போய்விட்டது. ஒரு மத்தியானம், குடையை மடக்கிக்கொண்டே ஆசிரியைகள் அறைக்குள் வந்து நின்றார்.

"ஏன் டீச்சர், பாடற பீரியட்ல பஞ்சைத் திரிக்கப் போறேளாமே?"

பெரிய டீச்சர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க மாமி. நான் என்ன பண்ணட்டும்? ஆள் இல்லையே."

"ஆள் இல்லையா? இவாள்ளாம் யாரு?" என்று மாமி எங்களைக் குடையால் காட்டினார்.

நாலாம் வகுப்பு டீச்சர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் பருத்த உடம்புக்காரர், யாருக்கும் பயப்படமாட்டார். "மாமி, நான் பாடினா பிள்ளைங்க வீட்டுக்கு ஓடிப்போயிடுங்க. தக்ளியே வரட்டும். அது கத்தாது."

"ஓடாம இருக்கறதுக்கு நான் சொல்லித் தரேன். ராத்திரியும் பகலுமா கணக்குச் சொல்லித் தர்றேளே, கணக்கு என்ன உங்க கூடவே பொறந்ததா? கத்துண்டுதானே வந்தேள்?"

பெரிய டீச்சர் யோசித்தார். வருஷ ஆய்வுக்கு டெபுடி இன்ஸ்பெக்டர் வர இன்னும் மாதங்கள் இருந்தன. அதுவரை வகுப்பு டீச்சர்களே பாட்டு பீரியடை எடுப்பது, மாமி எங்களுக்குச் சொல்லித்தருவது, இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு 'இது சரி' என்றால் பாட்டு, இல்லையென்றால் தக்ளி என்று பேசி முடித்தார்கள். தனக்குச் சம்பளம் வேண்டாம் என்று மாமி சொன்னார். நாற்காலியில் உட்காராமலே வந்த வேலையை முடித்துக்கொண்டு குடையை விரித்தார்.

வாரத்தில் இரண்டு நாள், பள்ளி விட்டதும் பயிற்சி. இரண்டாவது வாரம் மாமி துணைக்கு ஒருவரைக் கூட்டிவந்தார். அடுத்த தெருவில் பையன்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளின் பின்னால் ஆர்மோனியத்தைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வருவார். வாய் நிறைய வெற்றிலை. பள்ளி ஆண்டு விழாக்களில் காலம் காலமாக இரண்டு பேரும் ஒரே மேடையில் ஏறிச் சண்டை போட்டவர்கள் என்று பெரிய டீச்சர் சொன்னார். அது உண்மை என்று எங்களுக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

மாமி சுருதிப்பெட்டியை மடியில் வைத்து, துருத்தியை ஒரே சீராக அழுத்திக்கொண்டு, "முதல்ல 'ச'. எல்லாரும் இதுல வந்து நில்லுங்கோ. நின்னுட்டாப் போறும், பாட்டு தானா வரும்" என்பார்.

வாத்தியார் சாளரத்துக்கு வெளியே துப்பிவிட்டு வந்து, "மாமி, இவங்க நாளைக்கு வகுப்புக்குப் போகணும். 'ச'வை வச்சிக்கிட்டு ஒரு பீரியட் முழுக்க என்ன பண்ணுவாங்க? பாட்டைக் குடுங்க மொதல்ல" என்பார்.

"அஸ்திவாரம் இல்லாம வீடு கட்டச் சொல்றேளா?"

"வீடு வேணாம், பந்தல் போட்டா போதும். நாலு மூங்கில் நட்டா நின்னுக்கும்."

அவரே பிள்ளைகளுக்காக ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தார். ஆடி மாதம் ஆற்றில் புதுத் தண்ணீர் வருவதைப் பற்றிய பாட்டு. 'ஆடி வந்தா ஆறு வரும், ஆத்தோட நுரையும் வரும்' என்று தொடங்கும். மாமிக்கு அந்த மெட்டு சப்பென்று இருந்தது. ஆனாலும் பாடினார். பாடும்போது அந்தச் சப்பென்ற மெட்டு வேறு மாதிரி ஆகிவிடும். வாத்தியார் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். அந்த நேரத்தில் மட்டும் அவர் கேலி பேசியதில்லை.

எங்களில் நான்தான் கடைசி. என் குரல் தணிந்த குரல். பயத்தில் அது இன்னும் கீழே போகும். மாமியின் பெட்டி ஒரு இடத்தில் ஒலிக்க, நான் அதற்குக் கீழே எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து முனகுவேன். "மேல வாம்மா, மேல வா" என்று மாமி கையைத் தூக்கிக் காட்டுவார். தண்ணீரில் விழுந்தவளைக் கூப்பிடுவது போல இருக்கும்.

அக்கா வீட்டுச் சமையலறையில் ஒரு காலி அண்டா இருந்தது. அதன் வாய்க்குள் முகத்தை வைத்துப் பாடினால் குரல் பெரிதாகத் திரும்பி வரும், வெளியே யாருக்கும் கேட்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால் அக்கா வாசற்படியில் நிற்கிறாள்.

"எத்தனை நாளா இது நடக்குது? பக்கத்து வீட்டுல எங்கிட்ட கேக்குறாங்க, உங்க வீட்டுல மாடு கன்னு போடுதான்னு."

நான் அழுதுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே அண்டாவில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போனாள். ஆனால் மறுநாள் காலை அது காலியாகவே இருந்தது. தண்ணீரை எடுத்துத் துணி துவைத்துவிட்டேன் என்றாள்.

மாமியும் நானும் ஒரே பஸ்ஸில்தான் ஸ்ரீரங்கம் திரும்புவோம். அது எனக்குப் பயிற்சியைவிடக் கஷ்டம். பாலம் ஏறினதும் மாமி ஆரம்பித்துவிடுவார்.

"அந்தக் கண்டக்டர் விசில் இருக்கே, அதுதான் இன்னிக்கு நம்ம 'ச'. எங்கே, அதுல நில்லு பார்ப்போம்."

"மாமி, பஸ்ஸு மாமி."

"பஸ்தான். நான் என்ன பல்லக்குன்னா சொன்னேன்?"

கண்டக்டருக்கு நாங்கள் பழகிவிட்டோம். "டீச்சர், டிக்கெட் எடுத்துட்டுப் பாடுங்க. பாடிட்டு எடுத்தா செக்கிங்ல ஒத்துக்கமாட்டாங்க" என்பான். பின்னால் யாராவது சிரிப்பார்கள். நான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஆற்றைப் பார்ப்பேன். மாமி எதையும் கண்டுகொள்ளாமல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டு வருவார்.

வகுப்பில் நாங்கள் பாட்டு எடுக்கும்போது அவர்கள் இருவரில் ஒருவர் வந்து பார்ப்பது வழக்கமாயிற்று. வாத்தியார் என் வகுப்புக்கு வந்த முதல் நாள் நான் பாட்டைத் தொடங்க முடியாமல் நின்றேன். 'ம், ஆரம்பிங்க' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே பட்டறையில் பாத்திரம் திருப்ப நிறுத்தியிருந்தார்கள்.

வாத்தியார் கதவருகிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க ஆரம்பிக்க வேணாம் டீச்சர். இதோ பாருங்க, அவங்க ஆரம்பிப்பாங்க. சுத்தி விழுந்ததும் நீங்க எல்லாருமாச் சேர்ந்துக்குங்க. நல்ல தாளக்காரன், சம்பளம் கேக்கமாட்டான்."

டங் என்று முதல் அடி விழுந்தது. பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தேன். அன்று முதல் அதுவே எங்கள் பழக்கம். பட்டறை நிற்கும்வரை காத்திருப்போம். மறுபடி தொடங்கும்போது நாங்களும் தொடங்குவோம். என்னைப்போல ஒருத்திக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

மாமி வந்தபோது வேறொன்று நடந்தது. அவர் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து நேராகக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அங்கே ஐந்தாறு பிள்ளைகள் மெட்டில் சேராமல், எல்லாவற்றையும் ஒரே ஸ்வரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாட்டு மேலே போனாலும் கீழே போனாலும் அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "அந்த பெஞ்சை வாயசைக்கச் சொல்லிடு. நன்னாப் பாடறவாளை முன்னாடி வை. பார்க்கறவாளுக்கு எல்லாரும் பாடற மாதிரி இருக்கும், கேக்கறவாளுக்கு நன்னா இருக்கும். நான் சர்வீஸ் பூராவும் அப்படித்தான் பண்ணினேன். எல்லாப் பாட்டு டீச்சரும் பண்றதுதான் இது."

அது உண்மைதான். நாலாம் வகுப்பில் மறுநாளே அப்படிச் செய்துவிட்டார்கள். நன்றாகவும் இருந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆனால் செய்யவில்லை. ஒவ்வொரு பீரியடிலும் இன்று சொல்லிவிடலாம் என்று போவேன். கடைசி பெஞ்சில் எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய சடையோடு ஒரு சிறுமி, கழுத்து நரம்பு தெரியப் பாடுவாள். அவளிடம் போய்ச் சொல்லவேண்டும். சொல்லாமல் திரும்பிவிடுவேன்.

ஆய்வு நெருங்கியது. மாமி மறுபடி வந்தார். கேட்டார். பாட்டு முடிந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"ஏண்டிம்மா, நான் சொன்னது உனக்கு வேப்பங்காயா இருக்கா?"

"இல்லை மாமி."

"பின்னே? உன் ஒரு கிளாஸாலே பாட்டு பீரியடே போயிடும், தெரியுமோ? இன்ஸ்பெக்டர் உன் கிளாஸைக் கேட்டார்னா அடுத்த நாளே தக்ளி வந்து இறங்கும். அதுதான் உனக்கு வேணுமா?"

அவர் குரல் உயர்ந்துவிட்டது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"என்னையும் அப்படித்தான் சொன்னாங்க மாமி."

"யாரு? என்ன சொன்னா?"

"எங்க ஊர் ஸ்கூல்ல. மூணாங்கிளாஸ்ல. நீ வாயை மட்டும் அசைன்னு."

மாமி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பஸ் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது.

"பாட்டு டீச்சரா?"

"ஆமா மாமி."

"அதுக்கப்புறம் நீ பாடலையா?"

"இப்பத்தான் மாமி. நீங்க சொல்லி."

அதன்பிறகு ஸ்ரீரங்கம் வரும்வரை அவர் தாளம் போடவில்லை. இறங்கும்போது வழக்கம்போல "வரட்டுமா" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். வெயில் இல்லாத நேரம்.

அடுத்த முறை வகுப்புக்கு வந்தபோது மாமி மேஜைப் பக்கம் போகவில்லை. நேரே கடைசி பெஞ்சுக்குப் போனார். இறுக்கிச் சடை பின்னிய பெண்ணை நகரச் சொல்லி, குழந்தைகளோடு குழந்தையாக முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். வாத்தியாரும் அன்று வந்திருந்தார். கதவருகில் நின்று வேடிக்கை பார்த்தார். பட்டறை தொடங்கியது. நாங்களும் தொடங்கினோம்.

பாட்டு நடுவில் மாமி கையைத் தூக்கினார். நிறுத்தினோம்.

"நீங்க ஆறு பேரும் மட்டும். வார்த்தை வேண்டாம். வாயை மூடிண்டு 'ம்'னு சொல்லுங்கோ. நீளமா."

அவர்கள் சொன்னார்கள். அதே ஒரே ஸ்வரம். மாமி தன் கையிலிருந்த சுருதிப்பெட்டியைத் திறந்தார். ஒரு அழுத்து அழுத்திக் கேட்டார். ஒலி பிள்ளைகளின் முனகலுக்கு மேலே எங்கோ நின்றது. பெட்டியை மூடிவிட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீ இவாளுக்கு எங்கே நின்னு சொல்லிக் குடுத்தே?"

எனக்குப் புரியவில்லை.

"உன் குரல்லதானே சொல்லிக் குடுத்தே. இவா உன் குரல்ல நிக்கறா. கல்லு மாதிரி நிக்கறா. அசையவே மாட்டேங்கறா." பிறகு முன் பெஞ்சுகளைப் பார்த்துச் சொன்னார். "நீங்க இவா மேல பாடுங்கோ."

ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று நிற்க, மற்ற பிள்ளைகள் அதன்மேல் ஆற்றுப் பாட்டைப் பாடினார்கள். எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதுவரை அந்தப் பாட்டுக்குத் தரை இல்லாமல் இருந்தது. அன்று தரை வந்தது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

வாத்தியார் வெற்றிலையை மெல்வதை நிறுத்தியிருந்தார். "மாமி, இத்தனை வருஷமா தம்புராவக் கடைசி பெஞ்சுல பூட்டி வச்சிருந்தீங்களே" என்றார்.

மாமி அவரை முறைக்கவில்லை. "நீங்க மட்டும்? உங்க ஸ்கூல்ல வச்சிருக்கலையா?"

"நானும்தான்" என்றார் அவர். "எங்க பசங்க தம்புரா கூட இல்லை மாமி, மிருதங்கம். பெஞ்சை ஒடைச்சிருப்பானுங்க."

மாமி சடை பின்னிய பெண்ணின் முன்நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டு எழுந்தார். எழ முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் வகுப்புக்குச் சுருதிப்பெட்டி வரவில்லை. பட்டறையில் சுத்தியல் விழும், கடைசி பெஞ்சு 'ம்' என்று பிடிக்கும், மற்றவர்கள் பாடுவார்கள். நான் நடுவில் நிற்பேன்.

ஆய்வு நாளும் வந்தது. பள்ளியில் சுண்ணாம்பு வாசனை. பெரிய டீச்சர் பட்டுப்புடவையில் வந்திருந்தார். வெளி ஆட்கள் வகுப்பில் இருப்பது முறையல்ல என்பதால், மாமியையும் வாத்தியாரையும் சந்தில் நிற்கும்படி சொல்லியிருந்தார். என் வகுப்புச் சாளரம் சந்தைப் பார்த்துத்தான் இருந்தது. மாமியின் குடை நுனி மட்டும் எனக்குத் தெரிந்தது.

டெபுடி இன்ஸ்பெக்டர் வயதானவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம் உள்ளவர். வாய்ப்பாடு கேட்டார். வாசிக்கச் சொன்னார். கடைசியில், "பாட்டு நீங்களே எடுக்கறீங்களாமே. எங்கே, கேப்போம்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். பெரிய டீச்சர் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பட்டறையில் பாத்திரம் திருப்ப நிறுத்தினார்கள். நாங்கள் காத்திருந்தோம்.

சுத்தியல் விழவில்லை.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். சந்தில் ஒரு காக்காய் கத்தியது. கடைத்தெருவில் யாரோ மாட்டை அதட்டினார்கள். அதுவரை அந்தப் பள்ளியில் அதையெல்லாம் நான் கேட்டதே இல்லை. பிள்ளைகள் சாளரத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

"என்னம்மா, மறந்துபோச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார்.

'ஆரம்பிங்க' என்று சொல்ல வாய் திறக்கவில்லை. அண்டாவின் நினைவு வந்தது. திறக்காத வாயோடேயே 'ம்' என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. தணிந்த குரல்தான், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுதான். கடைசி பெஞ்சுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். ஆறு பேரும் வந்து அதில் நின்றார்கள். முன்னால் இருந்தவர்களுக்குப் பாட்டு தானாக வந்தது. தாளத்துக்கு நான் என் தொடையில் தட்டினேன், மாமி பஸ்ஸில் தட்டுவது போல. மூன்றாவது அடியில் தாளத்தை முந்திக் கொஞ்சம் ஓடிவிட்டோம். ஆனால் ஆறு வந்தது, நுரையும் வந்தது, முடித்துவிட்டோம்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா பின்னாடி நிக்கிற பிள்ளைங்க பாடலையே?"

"பாடினாங்க சார்," என்றேன். என் வாயிலிருந்து வந்ததா என்று பெரிய டீச்சர் எட்டிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் சடை பின்னிய பெண்ணைக் கூப்பிட்டார். "நீ என்னம்மா பாடினே?"

"நான் 'ம்' சொன்னேன் சார்."

"பாட்டுல 'ம்' எங்கே வருது?"

"முழுக்க வருது சார்."

அவர் சிரித்துவிட்டார். பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பிறகு ஆசிரியைகள் அறையில் காப்பி குடிக்கும்போது எங்களிடம் சொன்னார். பாட்டு இருக்கட்டும், தக்ளி வேண்டாம். அப்போதும் நாலாம் வகுப்பு டீச்சர் சும்மா இருக்கவில்லை.

"சார், எங்க எல்லாருக்கும் பதிலா அவங்களே பாட்டு எடுக்கட்டும் சார். அந்த நேரத்துக்கு நான் அவங்க கிளாஸுக்குக் கணக்குப் போட்டுடறேன்."

"செய்யலாமே. உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்றார் அவர் என்னிடம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

அவர் போனதும் சந்துக்கு ஓடினேன். மாமி பட்டறை வாசலில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிலைச்சுதா? பீரியட் நிலைச்சுதா?" என்று கேட்டார்.

"நிலைச்சுடுச்சு மாமி. பாட்டுதான். தக்ளி இல்லை."

அவர் குடையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அதுவரை அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அன்று தெரிந்தது.

"இவங்க ஏன் மாமி அடிக்கலை?" என்றேன்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். கெஞ்சிக் கேட்டுண்டேன். ஒரு பாட்டு நேரம் பொறுத்துக்கோங்கோன்னு. அந்த டம்டம்ல இன்ஸ்பெக்டருக்கு என்ன காதுல விழும்?"

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "நான் கடைக்கு வெத்தலை வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள தாளத்தை நிறுத்திட்டாங்க. மாமி, டீச்சர் இவங்க சுத்தியை வச்சிதானே ஆரம்பிக்கிறாங்க! நான் சொல்லலை?"

"நீங்க எப்போ சொன்னேள்?"

"சொல்லலையா?"

"சொல்லவே இல்லை."

"சரி, விடுங்க. பாடிட்டாங்கல்ல."

மாமி என்னைப் பார்த்தார். "அப்போ யாரு ஆரம்பிச்சா?"

நான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். மாமி பட்டறைக்காரர்களைப் பார்த்து, "அடிங்கோப்பா, ஆச்சு" என்றார். சத்தம் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் என் காதருகே வந்து சொன்னார்.

"மூணாவது அடியில ஓடினே."

பஸ்ஸில் அன்று கூட்டம். நின்றுகொண்டே போனோம். கண்டக்டர் விசில் அடித்துவிட்டு எங்கள் பக்கம் பார்த்தான். மாமி ஒன்றும் கேட்கவில்லை. நானே அந்த விசிலில் நின்று பார்த்தேன். எட்டவில்லை. கீழேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் இரண்டாவது பீரியடில் நாலாம் வகுப்புக்குப் பாட்டு எடுக்கப் போனேன். பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. மாமியும் வாத்தியாரும் வரவில்லை, அது அவர்கள் வருகிற நாள் இல்லை. வாயசைக்க வைத்திருந்த பிள்ளைகளைப் பார்த்து, சுத்தியலுக்குக் காத்திருக்காமல் 'ம்' என்று நானே ஆரம்பித்தேன்.